அரைக்கட்டை கீழே

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே தரையில் பரோட்டாக் கடை, கடைக்கு மேலே லாட்ஜ், லாட்ஜுக்கும் மேலே ஒரு தகரப் பலகை. 'நுண்செவி: கேள்விஞான உயர்பயிற்சி நிலையம். நிறுவனர், முதல்வர், பேராசிரியர்: ஜூடு (பெர்ஃபெக்ட் பிட்ச்)' என்று மூன்று வண்ணத்தில் எழுதியிருந்தது. மூன்று பதவிக்கும் சேர்த்து ஆள் ஒருவர்தான். தினமும் காலையில் அறையைக் கூட்டிப் பெருக்குகிறவரும் அவரே. அந்தப் பதவியைச் சேர்க்கப் பலகையில் இடம் போதவில்லை.

அடைப்புக்குறிக்குள் இருந்ததுதான் ஜூடுவின் சொத்து. ஒரு சத்தம் காதில் விழுந்த மாத்திரத்தில், எந்த வாத்தியத்தையும் தொட்டுப் பார்க்காமல், அது இன்ன சுரம் என்று சொல்லிவிடும் வரத்துக்கு இசைக்காரர்கள் வைத்த பெயர் அது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வாய்க்கும் என்பார். மீதி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரையும் மன்னித்துவிட்டவர் போன்ற ஒரு சிரிப்பு அப்போது அவர் முகத்தில் வரும்.

புதிதாக யாராவது சேர வந்தால் ஜன்னலைத் திறப்பார். கீழே ஏதாவது ஒரு பேருந்து அலறும். ஜூடு கண்ணை மூடி, சுண்டுவிரலை மட்டும் உயர்த்துவார். "தேனி வண்டி. ஜி." மேல்நாட்டு முறையில் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துகள்தான் பெயர். உடனே கீபோர்டில் அந்த ஜி-யைத் தொடுவார். ஹாரனும் கீபோர்டும் அச்சாக ஒன்றாக இருக்கும். வந்தவர் வாயைப் பிளப்பார். ஆரப்பாளையத்தில் பேருந்துக்குக் காத்திருக்கிற ஆயிரம் பேரில், அது ஜி இல்லை என்று மல்லுக்கு நிற்க ஒருவரும் கிடையாது. எதிராளி இல்லாத ஊரில் பயில்வானாக இருப்பது சுகமான வேலை. என்ன, சாப்பிடும்போது எதிரே உட்காரவும் ஆள் இருக்காது.

வகுப்பில் ஆறு பேர். எல்லோரும் வளர்ந்தவர்கள். கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கிற இரண்டு பேர், மேடையில் ஏறினால் சுருதி தப்புகிற ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க், மகள் பாட்டு கற்றுக்கொள்வதால் தானும் கேள்விஞானம் பெற வேண்டும் என்று வந்த ஒரு நகைக்கடைக்காரர், அவரோடு துணைக்கு வந்த அவர் மைத்துனர். ஆறாவது ஆள் சரண்யாதேவி. எழுமலைப் பெண், வயது இருபத்தெட்டு. இசையில் பட்டம் வாங்கிவிட்டு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். தாத்தா காலம்வரை அடுத்தவர் காட்டில் களையெடுத்த குடும்பம். இப்போது சொந்தமாக இரண்டு ஏக்கர் இருந்தது. அந்தக் குடும்பத்தில் சர்க்கார் உத்தியோகம் இருந்தது, போலீஸ் இருந்தது. பாட்டு டீச்சர் மட்டும்தான் இன்னும் இல்லை.

ஜூடுவின் பாடமுறை இரண்டே பயிற்சிதான். ஒன்று, 'அடுக்கு'. காலையில் விழித்ததிலிருந்து வகுப்புக்கு வந்து சேர்வதுவரை காதில் விழுந்த சத்தங்களை வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். இரண்டாவது, 'கொக்கி'. ஒவ்வொரு சுரத்தையும் தினமும் கேட்கிற ஒரு சத்தத்தில் மாட்டிவிட வேண்டும். எழுமலை பஸ் ஹாரன் எஃப் ஷார்ப், அதாவது எஃப்புக்கு அரைக்கட்டை மேலே, அடுத்த கீ. செல்லூர் விசைத்தறியின் ரீங்காரம் பி. அவரவர் வீட்டுக் குக்கரைப் பதிவு செய்து கொண்டுவந்தால் அதற்கும் கீபோர்டைத் தொட்டுப் பெயர் வைப்பார். செல்போனில் சுருதி காட்டும் செயலி எதுவும் வகுப்புக்குள் வரக் கூடாது. "காத அடகு வைக்கிற வேலை அது" என்று, வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்து எல்லாப் போனையும் அதில் போடச் சொல்லிவிடுவார்.

மற்ற ஐந்து பேருக்கும் எஃப்பும் எஃப் ஷார்ப்பும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். சரண்யாதேவி ஒருத்திதான் உண்மையாகவே கற்றுக்கொண்டாள். ஐந்து மாதத்தில் எந்தக் கீயைத் தொட்டாலும், திரும்பிப் பார்க்காமல், "எங்க பஸ்ஸு சார்", "தறி சார்" என்று சொல்லிச் சுரத்தின் பெயரையும் சொன்னாள். வருகிற சனிக்கிழமை ஒரு மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலைக்குத் தேர்வு. அதில் செவித்தேர்வுதான் பிரதானம். பியானோவில் பத்துச் சுரம் வாசிப்பார்கள், முதுகைக் காட்டி நின்று பெயர் சொல்ல வேண்டும்.

"பத்துக்குப் பத்து" என்று ஜூடு புதன்கிழமையே தீர்ப்பு எழுதிவிட்டார். "ஒன்னு மட்டும் செய்யி. நாளையிலருந்து காதுக்கு உபவாசம். டிவி கூடாது, பாட்டு கூடாது, போன அணைச்சு வச்சிரு. கடைக்கு லீவு சொல்லிரு. சனிக்கெழம காலையில நேரா தேர்வுக்கு வா."

"சரி சார்" என்று அவள் போனை அங்கேயே அணைத்துவிட்டுப் போனாள்.

வகுப்பு முடிந்து ஆட்கள் போனபிறகு ஜூடுவும் பயிற்சி செய்வார். அவருடைய 'அடுக்கு' எப்போதும் ஒரே ஒரு காலையைப் பற்றியது. இரண்டு வருடத்துக்கு முன்னால், மனைவி ஜெனி கோயம்புத்தூருக்குப் போன காலை. பீரோக் கதவு. பையின் ஜிப், இரண்டு தடவை. குழாயில் தண்ணீர். அடுப்பின் லைட்டர், மூன்று சொடுக்கு. செருப்பு. பிறகு அவள் ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள். பிறகு கேட்டின் கொண்டி, ஆட்டோ.

எல்லாம் ஞாபகம் இருந்தது. லைட்டரின் மூன்றாவது சொடுக்கு கொஞ்சம் தாமதமாக வந்ததுகூட. அந்த வாக்கியம்தான் இல்லை. அது ஏ-யில் தொடங்கி ஈ-யில் வந்து அமர்ந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். என்ன சொன்னாள் என்பது தெரியாது. பெரிய வாக்கியமாகத்தான் இருந்திருக்கும்; ஏழு வருடத்துக் கல்யாணத்தை முடித்துவைக்கிற வாக்கியம் சின்னதாகவா இருக்கும்?

கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கம். ஊரில் உள்ள ஹாரனுக்கெல்லாம் பெயர் வைத்த காது, வீட்டுக்குள் பேசியதை விட்டுவிட்டது என்று எப்படி ஒத்துக்கொள்வது? தவிர, இது முதல் தடவையும் அல்ல. ஜெனியின் அப்பா மாரடைப்பில் விழுந்த அன்று, இவர் வாசிக்கப் போயிருந்த கச்சேரி இடத்துக்கு அவள் போன் பண்ணி அழுதபோது, "ஒன் கொரலு இன்னைக்கு அரைக்கட்ட எறங்கிக் கெடக்கே" என்று இவர் சொன்னதைச் சொந்தக்காரர்கள் இன்னமும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இவர் அழைக்கப்படாத கல்யாண வீடுகளில்.

வியாழக்கிழமை மத்தியானம் மருது வந்தான். இன்னிசைக் குழு நடத்துகிறவன். விசேஷ வீடுகளில் கச்சேரி என்றால் ஜூடுவின் கீபோர்டை இரவல் வாங்கிப் போவான்.

"என்னண்ணே, தனியா ஒக்காந்து என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"மௌனத்த."

"அது என்னா சுரம்?" என்று கேட்டுவிட்டு மருது கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "அடுத்த வாரம் உசிலம்பட்டில ஒரு காதுகுத்துண்ணே. கீபோர்டு வேணும். வைகாசியில கொண்டு போனனே, அதே அக்காதான் பாடுது. அதுக்காக அரைக்கட்ட எறக்கி வச்சேன்ல, அதக் கிதக் கலைச்சுப்புடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

ஜூடுவின் சுண்டுவிரல் தானாக உயர்ந்து, பாதியில் நின்றது.

"எறக்கி வச்சியா?"

"ஆமண்ணே. அந்தக்காவுக்கு மேல எட்டாது. ட்ரான்ஸ்போஸ் பொத்தான அமுக்கி ஒன்னு கீழ எறக்கி, ஆஃப் பண்ணாலும் அழியாத மாதிரி மெமரியில ஏத்திட்டேன். திருப்பிக் கொடுக்கையில சொல்ல மறந்துட்டேன். ஒங்களுக்குச் சொல்லணுமா என்ன? ஒரு கீயத் தொட்டவொடன கண்டுபிடிச்சிருப்பீங்கள்ல?"

"பின்னே?" என்றார் ஜூடு. "தெரியாமலா? நாந்தான் வேணும்னே அப்படியே விட்டு வச்சிருக்கேன். ஒரு ஆராய்ச்சிக்காக."

"அதான பாத்தேன்" என்று மருது கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

கீபோர்டின் சின்னத் திரை ஒரு வருடமாக இருண்டு கிடந்தது. 'எனக்குத் திரை எதற்கு' என்று அதை ரிப்பேருக்கே கொடுக்கவில்லை. ஜூடு அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டு ஒரு பவுடர் டப்பாவை எடுத்தார். அதற்குள் ஒரு ட்யூனிங் ஃபோர்க் இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இசைக்கவை என்பார்களே, அது. தட்டினால் ஏ சுரம் மட்டும்தான் ஒலிக்கும். மழையோ வெயிலோ, அது மாறாது. கல்யாணமான வருடம் ஜெனி வாங்கிக் கொடுத்தது. "எனக்கு எதுக்கு இது? எனக்குள்ளயே இருக்கு" என்று சிரித்துவிட்டு டப்பாவில் போட்டவர், பிறகு அதைத் தொடவே இல்லை.

முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தார். கீபோர்டில் ஏ-யைத் தொட்டார். இரண்டும் ஒட்டவில்லை. அதற்கு அடுத்து மேலே உள்ள கறுப்புக் கீயைத் தொட்டார். அச்சாக ஒட்டியது. ஒவ்வொரு கீயும் தன் பெயருக்கு அரைக்கட்டை கீழான சுரத்தைத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஐந்து மாதம். பகல் முழுக்கக் கீபோர்டைக் கேட்டுக் கேட்டு, அது எங்கே போனதோ அந்த வழியே நாய்க்குட்டி போல அவர் காதும் பின்னால் போயிருக்கிறது. பத்தாயிரத்தில் ஒருவருடைய காது அப்படிப் போகாது. மீதி ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேருடையது போகும்.

ஜன்னலைத் திறந்தார். கீழே ஒரு பேருந்து அலறியது. கண்ணை மூடினார். பெயர் வரவில்லை. இன்னொன்று அலறியது, அதுவும் வெறும் அலறல். இத்தனை நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் அறிமுகம் இல்லாத முகங்களாகத் திரும்பி நின்றது போல இருந்தது.

பிறகுதான் சரண்யாதேவியின் நினைவு வந்தது. மற்ற ஐந்து பேரைப் பற்றிக் கவலையில்லை. எதுவும் ஏறாத மண்டையில் தப்பும் ஏறியிருக்காது. அவள் ஒழுங்காகக் கற்றவள். அதனாலேயே சனிக்கிழமை பத்துக்குப் பத்தும் தப்பாகச் சொல்வாள், ஒவ்வொன்றும் ஒரு படி மேலே. போன் பண்ணினார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உபவாசம்.

வெள்ளிக்கிழமை காலை எழுமலை வண்டியில் ஏறினார். ஓட்டுநர் மொக்கையன் அவரைப் பார்த்ததும் முன்சீட்டில் இருந்த கூடையைத் தூக்கிவிட்டு இடம் கொடுத்தார்.

"வாங்க வாத்தியாரே! நேத்து டீக்கடையில அந்தத் தேனிக்காரன் ரொம்ப எகிறுனான். டேய், ஒன்னோடது வெறும் ஜி, என்னோடது எஃப் ஷார்ப்புடான்னேன். வாயத் தொறக்கல பய."

"அண்ணே" என்றார் ஜூடு. சரண்யாதேவியிடம் சொல்லப் போவதற்கு இது ஒத்திகையாக இருக்கட்டும் என்று பட்டது. "அது எஃப் ஷார்ப் இல்ல. வெறும் எஃப்தான். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

மொக்கையன் திரும்பிப் பார்த்தார். "ஷார்ப்பு எங்க போச்சு?"

"ஒரு காதுகுத்துல போச்சு."

மொக்கையன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். செக்கானூரணி தாண்டியது, உசிலம்பட்டி தாண்டியது, இருபுறமும் காய்ந்த வெளியும் இடையிடையே மல்லிகைத் தோட்டமும் போய்க்கொண்டே இருந்தன. அவர் ஹாரனைத் தொடவே இல்லை. ஓர் இடத்தில் வெள்ளாட்டுக் கூட்டம் ரோட்டை அடைத்தபோதுகூட ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி "ஏய், ஓட்டுய்யா அங்கிட்டு!" என்று வாயால்தான் கத்தினார். ஜூடுவுக்கு அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு வருவது கஷ்டமாக இருந்தது. ஒரு மனிதனுக்கு அரைக்கட்டையில் இம்புட்டு கௌரவம் இருந்திருக்கிறது. தனக்கும் அம்புட்டுத்தானே இருந்தது என்று நினைத்தார்.

வழிநெடுக இன்னொரு யோசனையும் கூடவே வந்தது. உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? 'இது கடைசிப் பாடம், மேல்நிலை உத்தி. மனசுல வர்றதுல ஒன்னக் கொறைச்சுச் சொல்லு' என்றால் போதாதா? வேலையும் முடியும், பலகையும் பிழைக்கும்.

சரண்யாதேவி காட்டுக்குப் போயிருந்தாள். அவள் அம்மா சுந்தரம்மாள் நாற்காலி போட்டு, சொம்பில் மோர் கொடுத்து, மகள் நேற்றிலிருந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிகிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று புகார் சொன்னாள். சாயங்காலம் அவள் வந்து, அவரைக் கண்டு பயந்துபோய்ப் பஞ்சை எடுத்தாள்.

"என்ன சார், தேர்வத் தள்ளி வச்சுட்டாங்களா?"

"இல்லம்மா. ஒரு கடைசிப் பாடம். நாளைக்கு மனசுல என்ன சுரம் வருதோ, அதுல ஒரு படி கொறைச்சுச் சொல்லு. இது ஒரு மேல்நிலை..."

"ஏன் சார்?"

அவள் தலையை லேசாகச் சாய்த்துப் பதிலுக்குக் காத்திருந்தாள். ஐந்து மாதமாக அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படித்தான் சாய்ந்து கேட்டு உள்ளே வைத்துக்கொண்டவள். அந்தக் காதில் இன்னொரு பொய்யைப் போட அவருக்குக் கை வரவில்லை.

சொன்னார். மருது, காதுகுத்து, இருண்ட திரை, எல்லாம்.

அவள் கையிலிருந்த பஞ்சை உருட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப எங்க பஸ்ஸு?"

"எஃப்."

"தறி?"

"அதுவும் ஒன்னு கீழ. பி ஃபிளாட்."

"எங்க வீட்டுக் குக்கரு?"

"அதுவுந்தான்."

சுந்தரம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "குக்கர மாத்தணுமா சார்? புதுசு ஒன்னு பரண்ல கெடக்கு."

"சும்மா இரும்மா!" சரண்யாதேவியின் குரல் உடைந்தது. "அம்புட்டையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன் சார். படுத்தா ஒவ்வொன்னாச் சொல்லிப் பாத்துட்டுத்தான் தூங்குவேன். இப்ப வந்து எல்லாத்துக்கும் பேரு வேறங்கிறீங்க. ஒங்களுக்கு பெர்ஃபெக்ட் பிட்ச்சுன்னுதான சார் போட்டுருக்கு?"

"போட்டுருக்கு" என்றார் ஜூடு.

அவர் கடைசி வண்டியைப் பிடிக்கக் கிளம்பும்வரை இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்தையும் புதுப்பெயரில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் ஃபோர்க்கைத் தட்டுவார். அவள் அதிலிருந்து எண்ணி இறங்குவாள், ஏறுவாள். கோபம் இருந்தது, தப்பு ஒன்றுகூட வரவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் ஏழு பேர் காத்திருந்தார்கள். ஜூடு வேப்பமரத்தடியில் நின்றார். தேர்வை நடத்த வந்தவர் 'சுரமாமணி' தமிழ்மாறன். அந்தப் பட்டத்தை அவருடைய அறக்கட்டளைதான் அவருக்கு வழங்கியது. விழாவுக்குத் தலைமையும் அவரே. பியானோவின் முன்னால் உட்கார்ந்து, கீயைத் தொடுவதற்கு முன் மேலே பார்த்து, தொட்டபின் கண்ணை மூடி, தன் விரலில் பிறந்த சுரத்துக்குத் தானே தலையசைத்துக்கொண்டார். பக்கத்தில் தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமினாள் பட்டியல் வைத்துச் சரி, தப்பு குறித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் முப்பது வருடம் கணக்கு டீச்சர். சங்கீதம் அவருக்குப் பூசைக்கு நடுவில் வருகிற ஒன்று, அவ்வளவுதான். வெளிப்படைத்தன்மைக்காக ஒவ்வொருவர் மதிப்பெண்ணும் அவ்வப்போதே வராந்தாக் கரும்பலகையில் ஏறியது.

முதல் நான்கு பேரும் குருட்டாம்போக்கில் ஒன்று, இரண்டு என்று வாங்கினார்கள். சரண்யாதேவி ஐந்தாவது. ஜன்னல் வழியாகப் பத்துச் சுரமும் ஜூடுவுக்குக் கேட்டன. அவை என்னென்ன என்று தெரியவில்லை. தெரியாது என்பது இரண்டு நாளாகத்தான் தெரியும். ஆனால் அவள் தயங்கவில்லை; ஒவ்வொரு பதிலும் உடனுக்குடன் வந்தது.

கரும்பலகையில் எழுதினார்கள்: பூஜ்யம்.

அவள் வெளியே வந்தாள். அழவில்லை, முகம் மட்டும் கெட்டியாக இருந்தது. "நீங்க சொன்னபடிதான் ஒன்னொன்னாக் கொறைச்சுச் சொன்னேன் சார். பேசாம பழசையே சொல்லியிருக்கலாம்."

பழசையே. ஜூடுவுக்கு எங்கோ சொடுக்கியது. பழையது சரியாக இருந்திருக்கும் என்றால்? அவர் கை சட்டைப்பைக்குப் போயிற்று. வியாழக்கிழமையிலிருந்து ஃபோர்க் அங்கேதான் இருந்தது.

உள்ளே போய்விட்டார். தமிழ்மாறன் அடுத்த ஆளுக்காக மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க? தேர்வு நடக்குது."

"சிஸ்டர், ஒரே ஒரு நிமிசம். சார அந்த ஏ-ய ஒரு தடவ தொடச் சொல்லுங்க."

"என்ன இது, சந்தைக்கடையா?" என்றார் தமிழ்மாறன். ஆனாலும் கேட்டது ஒரு கீயைத் தொடத்தானே. வழக்கம்போலத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடைவெளியில் ஜூடு ஃபோர்க்கை முழங்காலில் தட்டி, அதன் அடியைப் பியானோவின் பலகையில் ஊன்றினார். மரம் முழுக்க அந்த ஒற்றைச் சுரம் பரவியது. பியானோவின் ஏ-யும் ஃபோர்க்கின் ஏ-யும் ஒன்றையொன்று பிராண்டிக்கொண்டன. சிஸ்டர் பல் கூசியது போல முகத்தைச் சுளித்தார்.

"பியானோ எறங்கிப் போயிருக்கு சிஸ்டர். சரியா அரைக்கட்ட. நம்ம ஊரு வெயில்ல வருசக்கணக்கா முறுக்காம விட்டா கம்பி தளர்ந்துரும். சார் எஃப் கீயத் தொட்டா கேக்குறது ஈ. அந்தப் பொண்ணு கேட்டதத்தான் சொல்லியிருக்கு."

சிஸ்டர் பட்டியலைத் திருப்பினார். விரலை வைத்து வரிசையாக மேலிருந்து கீழே வந்தார். "பத்துத் தப்பும் ஒரே மாதிரி ஒன்னு ஒன்னு கொறையிது. தெரியாம தப்புப் பண்றவங்க இம்புட்டு நேராத் தப்புப் பண்ண மாட்டாங்களே." கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். "சார், ஒங்களுக்கு இது தெரியலையா?"

தமிழ்மாறன் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "தெரியாமலா சிஸ்டர்? நான் வேணும்னேதான் அப்படியே விட்டு வச்சேன். யாரு கண்டுபிடிக்கிறாங்கன்னு பாக்குறதுக்கு. அதுதான் உண்மையான தேர்வு."

ஜூடுவுக்கு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டது போல இருந்தது. சிரிப்பு வரவில்லை.

"அப்படின்னா அந்தப் பொண்ணுக்குப் பத்துக்குப் பத்து" என்று சிஸ்டர் குறித்துக்கொண்டார். சுரமாமணி பெருந்தன்மையோடு தலையசைத்தார். வேறு வழி இல்லை. பிறகு சிஸ்டர் ஜூடுவிடம், "நீங்க வெளியில நின்னுக்கிட்டே எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இந்த பெர்ஃபெக்ட் பிட்ச்னு சொல்வாங்களே, அது இருக்கா ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

வராந்தாவில் தேர்வுக்கு வந்த மற்ற ஆறு பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடற்குழுவில் வாசிக்கிற அவருடைய மாணவர்கள் இரண்டு பேர், யாருக்கோ துணையாக வந்தவர்கள், பின்னால் நின்றார்கள்.

"வியாழக்கெழம வரைக்கும் இருந்துச்சு சிஸ்டர்" என்றார் ஜூடு. "என் கீபோர்டும் இதே மாதிரி எறங்கிக் கெடந்துச்சு. அஞ்சு மாசம் எனக்குத் தெரியல. இன்னொருத்தன் சொல்லித்தான் தெரியும்."

சரண்யாதேவிக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை வந்து ஒரு பை நிறையச் சீனிக்கிழங்கு வைத்துவிட்டு, அம்மா கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கீழே ஹாரன் கேட்டது. இருவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை.

"வாரேன் சார்."

"வாம்மா."

படியிறங்கிப் போகிற காலடிகளை அவர் எண்ணினார். இருபத்திரண்டு.

அந்த வாரமே தாலுகா ஆபீஸில் வேலை கூடிவிட்டதாகக் கிளார்க் செய்தி அனுப்பினார். நகைக்கடைக்காரரின் மகள் பாட்டை நிறுத்திவிட்டாள். அதனால் அப்பாவும் மாமாவும் கேள்விஞானத்தை நிறுத்தினார்கள். பாடற்குழு ஆட்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. ஜூடு ஒரு சின்ன டப்பா பெயின்ட் வாங்கி, நாற்காலி மேல் ஏறிப் பலகையில் அடைப்புக்குறியை அழித்தார். அந்த இடம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. கீழே பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர் அண்ணாந்து பார்த்து, "என்ன வாத்தியாரே, புதுசா எதும் பட்டம் எழுதப் போறீகளா?" என்றார்.

சாயங்காலம் வகுப்பு நேரத்துக்கு ஆறு பாயையும் விரித்தார். பழக்கம். பிறகு ஐந்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஒன்றில் உட்கார்ந்தார். பீரோக் கதவு. ஜிப், இரண்டு தடவை. தண்ணீர். லைட்டர். செருப்பு. அங்கே வந்து நின்றார்.

போனை எடுத்து, யோசிப்பதற்குள் அழுத்திவிட்டார்.

நாலாவது மணியில் ஜெனி எடுத்தாள். "என்ன?" பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். அவள் குரல் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. களைப்பாக இருக்கிறாள் என்பது தெரிந்தது.

"ஜெனி, நீ போன அன்னைக்கு, செருப்ப மாட்டிக்கிட்டு என்னமோ சொன்ன. அது என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இதுக்கா போன் பண்ணீங்க?"

"ம்."

தாளிக்கிற சத்தம் அடங்கியது. அடுப்பைக் குறைத்திருக்க வேண்டும். அவர் காத்திருந்தார். கீழே ஒரு வண்டி நீளமாக அலறியது. எந்த ஊர் வண்டி என்றுகூட அவர் பார்க்கவில்லை.

"பால் காச்சி வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்கன்னேன்" என்றாள். "ஏன்?"

அவள் போய் மூன்று நாள் கழித்து, அடுப்பின் மேல் திரிந்து கிடந்த பாலைக் கொட்டியது ஜூடுவுக்கு நினைவுக்கு வந்தது. பாத்திரத்தைக் கழுவும்போது அது வாஷ்பேசினில் இடித்த சத்தம்கூட.

"ஹலோ? கேக்குதா?" என்றாள் ஜெனி. "ஹலோ?"

"கேக்குது" என்றார். "கேக்குது, சொல்லு."

"எனக்கு அடுப்புல வேல கெடக்கு. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.